சாமிக்கண்ணு மறுத்த மாலை

உயிரோடு இருந்தபோது வேண்டாம் என்று அவர் மறுத்த மாலையை, இறந்த பிறகு அவர் கழுத்தில் போட்டார்கள். அவர் வாய் திறக்க முடியாத நேரம் பார்த்துப் போட்டார்கள். பக்கத்தில் நின்று படமும் எடுத்துக்கொண்டார்கள். இது தவறு. இதைத் தவறு என்று முதலில் சொல்லாமல் நான் எழுதும் எதுவும் சாமிக்கண்ணு அவர்களுக்கு அஞ்சலி ஆகாது.

கருமாதிப் படையலுக்கு வருகிறவர்கள் கையில் கொடுப்பதற்காக இதை எழுதி அச்சடிக்கிறேன். அவரை அறிந்தவர்களும் படிக்கவேண்டும். அறியாதவர்கள் அவசியம் படிக்கவேண்டும். நான் பள்ளிக்கூடம் போனவன் இல்லை. கடைப் பலகைகள் எழுதி எழுதியே எழுத்தைக் கற்றுக்கொண்டவன். மலாக்காவின் ஜாலான் பெண்டஹாராத் தெருவில் துணிக்கடைப் பலகைகள் பாதி என் கையால் ஆனவை. ஆகவே என் தமிழில் குறை இருக்கலாம். செய்தியில் குறை இருக்காது.

அவர் இறந்த அன்று காலையில், காஜா பேராங்கில் நான் பலகை எழுதும் கொட்டகை வாசலில் ஒரு பலகைக்கு வெள்ளை பூசிக்கொண்டிருந்தேன். சுப்பையா செட்டி வந்தார். அவர் சாமிக்கண்ணுவின் பக்கத்து வீட்டுக்காரர். மலாக்காச் செட்டிகளுக்குப் பேச்சுமொழி மலாய்தான் என்பது இங்குள்ளவர்களுக்குத் தெரியும். என்றும் அவசரப்படாத மனிதர் அன்று செருப்பில்லாமல் வந்து நின்றார்.

"பாங், கண்ணு சுடா தாடா" என்றார்.

அண்ணே, கண்ணு இல்லை. அவ்வளவுதான். வாசற்படியில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தவர் மார்பைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டாராம். டம்ளர் கவிழவில்லை என்றார் செட்டி. அதை இரண்டு முறை சொன்னார்.

நான் கையைக் கழுவிக்கொண்டு போய்ச் சேர்வதற்குள் அங்கே கித்தான் கூடாரம் ஏறிக்கொண்டிருந்தது. எங்கள் மரண சகாயச் சங்கத்தின் கூடாரம். சங்கத்தின் மடக்கு நாற்காலிகள் வரிசையாக விரிந்துகொண்டிருந்தன. யாரும் அழைக்கவில்லை. உறவினர்களுக்கே இன்னும் செய்தி போகவில்லை. அவருடைய மகள் செல்வி கதவோரம் நின்று அந்த நாற்காலிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அழவில்லை. பயந்திருந்தார். அந்த நாற்காலிகள் ஏன் ஒரு பெண்ணைப் பயமுறுத்தவேண்டும் என்பதைத்தான் இனிச் சொல்லப்போகிறேன்.

சாமிக்கண்ணு இந்த ஊரில் பிறந்தவர் அல்லர். உள்ளே ஒரு கித்தா ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து, அங்கேயே பால் மரம் வெட்டியவர். சப்பான்காரன் காலத்தில் சயாம் ரயில் பாதைக்கு ஆள் கேட்டபோது அவரும் அவர் தம்பி முனியாண்டியும் போனார்கள். போனார்கள் என்று எழுதுவது பழக்கத்தால் வருகிற பிழை. அனுப்பப்பட்டார்கள். திரும்பி வந்தவர் இவர் ஒருவர்தான்.

சண்டை முடிந்து சில காலம் கழித்து இந்த ஊருக்கு வந்தார். தோட்டத்து லயத்து வரிசைவீட்டில் அவரால் இருக்க முடியவில்லை. எங்கள் பகுதிச் சினிமாக் கொட்டகையில் வாசலில் நின்று டிக்கெட் கிழிக்கும் வேலை கிடைத்தது. அந்தக் கொட்டகைக்கு விளம்பரப் பலகை எழுதியவன் நான். அப்படித்தான் பழக்கம். மெலிந்த உயரமான மனிதர். சட்டையின் மேல் பித்தானையும் போட்டிருப்பார். மூங்கில் வேலி கட்டிய வீட்டைக் கண்டால் சாலையின் மறுபக்கம் போய் நடப்பார். ஏன் என்று நான் கேட்டதில்லை. சயாமில் குடிசை மூங்கில், படுக்கை மூங்கில், பிணம் சுமந்ததும் மூங்கில் என்று ஒருநாள் அவரே சொன்னார்.

டிக்கெட் கிழிப்பவர் எப்படிக் கதை சொல்பவர் ஆனார் என்பது இளையவர்களுக்குத் தெரியாது. அப்போது வெளிநாட்டுப் படங்கள் வரும். பாஷை புரியாமல் நம் ஆட்கள் முன்பெஞ்சில் உட்கார்ந்து ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். சத்தம் தாங்காமல் கொட்டகை முதலாளியான சீனத் தவுக்கே, வாயில் வைத்துப் பேசும் ஒரு தகரக் குழலைச் சாமிக்கண்ணுவிடம் கொடுத்து, இடதுபக்கச் சுவரோரம் நின்று தமிழில் சொல்லச் சொன்னார். குதிரைக்காரர் படமெல்லாம் அவர் சொல்லித்தான் நாங்கள் பார்த்தோம்.

அவர் சொல்கிற முறை தனி. ஒரு படத்தை முதலில் ஒருமுறை பார்த்து மனத்தில் வாங்கிக்கொள்வார். பிறகு காட்சியில், திரையில் நடப்பதற்கு ஒரு மூச்சு முன்னாலேயே சொல்லிவிடுவார். "சுடப்போறான்" என்பார், சுடுவான். "விழப்போறா" என்பார், விழுவாள். ஏன் முந்திக்கொண்டு சொல்கிறீர்கள், சுவாரசியம் போகிறதே என்று கேட்டேன்.

"சயாம்ல பழகுனது அண்ணே. சப்பான்காரன் கத்துவான். என்ன சொல்றான்னு நம்ம ஆளுங்களுக்குப் புரியாது. புரியலன்னா அடி. நான் அடி வாங்கி வாங்கி அந்தப் பாஷையப் பிடிச்சுக்கிட்டேன். அவன் வாயத் தொறக்கும்போதே, 'தூக்குங்கடா, குனிங்கடா'ன்னு தமிழ்ல சொல்லிருவேன். அடி விழற முன்னாடி தெரிஞ்சா ஆளு தப்பிச்சுக்குவான்."

இந்த வார்த்தைகளை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ளவேண்டும். அந்தப் பாஷையைத்தான் பின்னால் அவருக்கு எதிராகத் திருப்பினார்கள்.

இன்னொரு குணமும் சொல்லவேண்டும். திரையில் இல்லாததை அவர் ஒருபோதும் சேர்க்கமாட்டார். கூட்டத்தில் ஒருவர் கத்துவார்: "சாமிக்கண்ணு, அந்தக் கெட்டவனுக்கு நாலு வார்த்த நல்லா திட்டிவிடுய்யா!"

"அங்க யாரும் திட்டல. நான் எப்படிய்யா திட்டுறது? நீ வேணும்னா வெளிய போய்த் திட்டிட்டு வா, கதவு நான்தான் தொறக்கிறேன்" என்பார்.

பெஞ்சு முழுக்கச் சிரிக்கும். அப்படிப்பட்டவர் தம் வாழ்நாளில் ஒரே ஒரு சொல்லை மாற்றிச் சொன்னார். ஒரு சொல். அதற்குத்தான் இத்தனையும்.

சுதந்திரம் வந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. சங்கத்துக்குச் சொந்தமாக மண்டபம் கட்டவேண்டும் என்று பேச்சு. உதவிக்காக ஒரு காட்சி நடத்தித் தருகிறேன் என்றார் தவுக்கே. அப்போது அவர் கையில் இருந்தது ஒரு சப்பான் படம். வாள் எடுத்துச் சண்டை போடும் அந்தக் காலத்து வீரர்களின் கதை. சீனர்களும் நம்மவர்களும் சப்பான்காரனிடம் பட்ட பாடு கொஞ்சமா? ஆனாலும் வாள்சண்டை என்றால் கூட்டம் வரும் என்று தவுக்கேக்குத் தெரியும்.

சாமிக்கண்ணு என் கொட்டகைக்கு வந்து உட்கார்ந்தார்.

"அந்தப் பாஷைய மறுபடி காதால கேக்கணுமாண்ணே?"

"வேணாம்னு சொல்லிடுங்க. தவுக்கே என்ன, அடிக்கவா போறாரு?"

"இல்ல. தவுக்கே கதையச் சொன்னாரு. இதுல அவங்க ஆளே அவங்க பெரியவங்களக் கேள்வி கேக்குறானாம். அது எப்படிக் கேக்குறான்னு பாக்கணும்போல இருக்கு."

தனியாகப் படத்தைப் பார்த்துவிட்டு வந்தார். முகம் வெளிறியிருந்தது. கதையை எனக்குச் சொன்னார். நானும் பின்னர் பார்த்தேன். ஆகவே இதை எழுத எனக்கு உரிமை உண்டு.

ஒரு பிரபு. அவருடைய எல்லையில் ஆற்றோரம் ஒரு காவல்கோட்டை. எதிரி வருகிறான் என்றதும் பிரபு பின்வாசல் வழியாகத் தப்பி ஓடிவிடுகிறார். ஆற்றோரம் நின்ற வீரர்களுக்கு யாரும் தகவல் சொல்லவில்லை. அவர்கள் அத்தனை பேரும் மடிந்தார்கள் என்று முடிவுசெய்து, பிரபுவின் வீட்டார் சாலையோரம் ஒரு நினைவுக்கல் நட்டு, பெயர்களைச் செதுக்கி, பிரபுவின் மானம் காத்தவர்கள் என்று ஆண்டுதோறும் பூ வைக்கிறார்கள். பல காலம் கழித்து ஒருவன் திரும்பி வருகிறான். கல்லில் அவன் பெயரும் இருக்கிறது.

அவன் உயிரோடு இருப்பதே பிரபுவின் வீட்டுக்குக் கேவலம். அவன் வாயைத் திறந்தால் பின்வாசல் கதை வெளியே வரும். பிரபுவின் காரியஸ்தர் அவனை அழைத்துக் கனிவாகப் பேசுகிறார். நீ இறந்ததாகத்தான் ஊரே மதிக்கிறது, அந்த மதிப்பைக் காப்பாற்று, முறைப்படி உயிரை விடு, உன் குடும்பத்துக்கு எல்லா மரியாதையும் செய்கிறோம் என்கிறார். அவன் மறுக்கவில்லை. சாகிறேன் என்கிறான். அதற்குமுன் பின்வாசலைத் திறந்தவர் யார் என்பதை அவரே எல்லார் முன்னிலும் சொல்லட்டும் என்கிறான். சொல்லும்வரை தன் பெயர் செதுக்கிய கல்லின் முன்னே போய் உட்கார்ந்துவிடுகிறான். மழை வருகிறது, பனி வருகிறது, எழவில்லை. கடைசியில் அவனுடைய பழைய தோழனை அனுப்பியே அவனை வெட்டுகிறார்கள். அதன்பிறகுதான் படத்திலேயே பயங்கரமான பகுதி. அவனுக்குப் பெரிய மரியாதையோடு சாவு எடுக்கிறார்கள். முரசு, வெள்ளைக் கொடி, பிரபுவே வந்து தலை குனிகிறார். தோழர்களோடு சேர்வதற்காகத் தானாக வந்து உயிர்விட்டான் என்று அறிவிக்கிறார்கள். ஒருவன் கல்லைத் தண்ணீர் விட்டுக் கழுவுகிறான். படம் முடிகிறது.

"கல்லுல இருந்தது பொய்யிண்ணே," என்றார் சாமிக்கண்ணு. "கடைசியில அத உண்மையாக்கிட்டாங்க."

போகும்போது, "சங்கத் தலைவரு வருவாரா காட்சிக்கு?" என்று கேட்டார்.

தலைவர் வருவார் என்றேன். அவர்தானே தலைமை விருந்தினர்.

எங்கள் சங்கத் தலைவர், சாமிக்கண்ணு பிறந்த அதே தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவர். அவர் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. அவர்மேல் உள்ள பயத்தால் என்று யாரும் எண்ணவேண்டாம். தம் பெயரைத் தாமே சொல்லி எழுந்து நிற்கவேண்டியவர் அவர்.

சப்பான்காரன் ஆள் கேட்டபோது காலையில் ஆள் எண்ணும் பெரட்டில் வரிசை நிறுத்தி, போகவேண்டியவர்களைக் காட்டியவர் அந்தக் கிராணி. வாயால் பெயர் சொல்லவில்லை. கையில் இருந்த கறுப்புக் குடையை மடக்கி, அதன் நுனியால் ஒவ்வொருவராகச் சுட்டினார். "நம்ம தோட்டத்துக்கு இது மரியாத. சீக்கிரம் திரும்பிடலாம், நான் பொறுப்பு" என்றார். வரிசையில் அவருடைய மச்சானும் நின்றிருந்தார். சப்பான்காரன் எண்ணிக்கொண்டு வரும்போது மச்சானைச் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்துவிட்டு, பின்னால் நின்ற முனியாண்டியைக் குடையால் காட்டினார். முனியாண்டி அப்போதுதான் காய்ச்சலில் இருந்து எழுந்திருந்தார். சயாமில் முதல் மழைக்கே அவர் தாங்கவில்லை.

காட்சி பகலில் நடந்தது. கூட்டம் நிரம்பி வழிந்தது. மாடியில் தலைவர், மாலையோடு. முன்பெஞ்சுகளில் அந்தத் தோட்டத்திலிருந்து ஊருக்குக் குடிவந்தவர்கள் பலர். அவர்களில் பாப்பாத்தி அம்மாள் ஒருவர். சயாமுக்குப் போன கணவரைக் கடைசியாகப் பெரட்டில் பார்த்தவர்.

சாமிக்கண்ணு நன்றாகத்தான் சொல்லிக்கொண்டு வந்தார். திரையில் சப்பான்காரன் கத்தும்போதெல்லாம் பெஞ்சுகளில் சிலர் தோளைக் குறுக்கிக்கொண்டதைப் பார்த்தேன். எத்தனை வருடமானாலும் உடம்பு மறப்பதில்லை. படத்தின் நடுவில் பழைய கதை வருகிறது. ஆற்றோரக் கோட்டைக்கு யார் போவது என்று காரியஸ்தர் வீரர்களை வரிசையாக நிறுத்துகிறார். கையில் மடக்கிய விசிறி. அதனால் ஒவ்வொருவராகச் சுட்டுகிறார்.

சாமிக்கண்ணு இம்முறை முந்திச் சொல்லவில்லை. விசிறி நீண்டது. ஒருவனைக் காட்டியது. இன்னொருவனைக் காட்டியது. குழலில் சத்தமே இல்லை. பிறகு மெதுவாகக் குரல் வந்தது.

"குடையால காட்டுறாரு."

கொட்டகை அடங்கிப்போனது.

"இது மரியாதங்கிறாரு. சீக்கிரம் திரும்பிடலாம், நான் பொறுப்புங்கிறாரு." படத்திலும் காரியஸ்தர் அப்படியேதான் சொல்கிறார் என்று சாமிக்கண்ணு முன்பே என்னிடம் சொல்லியிருந்தார்.

பாப்பாத்தி அம்மாள் பெஞ்சிலிருந்து எழுந்தார். "எங்க வீட்டுக்காரரையும் கொடையாலதான்டா காட்டுனான்! கொடையாலதான் காட்டுனான்!" என்று கத்தினார். திரையைப் பார்க்கவில்லை. திரும்பி மாடியைப் பார்த்துக் கத்தினார். பெஞ்சுகளில் இருந்த தலைகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. மாடியில் யாரும் அசையவில்லை. படம் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

முடிந்து எல்லாரும் வெளியே வரும்போது தலைவர் படியிறங்கி வந்தார். கோபமே இல்லை. புன்னகையோடு சாமிக்கண்ணுவின் தோளில் கை வைத்தார். பக்கத்தில் நின்ற நான் கேட்ட வார்த்தைகள் இவை:

"பிரமாதம் தம்பி. சப்பான் பாஷ எவ்வளவு சுத்தமா வருது ஒனக்கு! எங்க கத்துக்கிட்ட?"

சுற்றி நின்றவர்கள் அதைக் கேட்டார்கள். கேட்கவேண்டும் என்றுதான் அவர் உரக்கச் சொன்னார். சாமிக்கண்ணு கையிலிருந்த தகரக் குழலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அந்தக் கேள்வி ஊரில் நடக்கத் தொடங்கியது. தெங்கேரா பாசாரில் காய் வாங்கும்போது என்னிடமே ஒருவர் கேட்டார்: "சாமிக்கண்ணு சயாம்ல சப்பான்காரன் பக்கத்துல நின்னு நம்ம ஆளுங்கள வேல வாங்குனாராமே? அதனாலதான் இவரு மட்டும் பொழச்சாராமே?" செமாபோக்கிலிருந்து வந்த ஒருவர் அதையே இன்னும் கூட்டிச் சொன்னார். நம்மவர்கள் செய்யும் தவறு இது. திரும்பி வராதவனை யார் அனுப்பினார் என்று கேட்கமாட்டார்கள். திரும்பி வந்தவனை, நீ மட்டும் எப்படி வந்தாய் என்று கேட்பார்கள்.

ஒரு காலையில் அவர் வீட்டுக் கதவில் 'சப்பான்காரன் ஆள்' என்று தாரால் எழுதியிருந்தது. எழுத்து என் தொழில். யார் கை என்று பார்த்ததும் எனக்குத் தெரிந்தது. அந்தக் கையின் சொந்தக்காரர் இதைப் படிப்பார். நான் அதைச் சுரண்டி எடுத்து மேலே பச்சை பூசிக் கொடுத்தேன். ஆனால் வெயில் ஏறும்போது அடியிலிருந்து தார் லேசாக மேலே தெரியும். மறுபடி பூசுவேன். மறுபடி தெரியும்.

சங்கம் அவரை விசாரணைக்கு அழைத்தது. தலைவருக்கு மனம் புண்பட்டுவிட்டது, வருத்தம் தெரிவியுங்கள் என்றார்கள். சாமிக்கண்ணு எழுந்து நின்று சொன்னது இவ்வளவுதான்:

"நான் வருத்தம் சொல்றேன். அதுக்கு முன்னாடி, முனியாண்டியக் குடையால காட்டுனேன்னு தலைவர் ஒரு தடவ சொல்லட்டும். திட்டமாட்டேன். கேஸு போடமாட்டேன். எந்தம்பி பேர அவரு வாயால ஒரு தடவ கேக்கணும். அது போதும்."

தலைவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பெயர். அதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? சாமிக்கண்ணுவைச் சங்கத்திலிருந்து நீக்கினார்கள். சங்கத்தின் பெயருக்குக் களங்கம் விளைவித்தாராம். எந்தப் பெயர், எந்தக் களங்கம் என்று நான் எழுந்து கேட்டேன். என்னை உட்காரச் சொன்னார்கள். நான் உட்காரவில்லை. வெளியே வந்துவிட்டேன். அதன்பின் அந்த வாசலை மிதித்ததில்லை. கொட்டகையிலும் தமிழில் கதை சொல்வது நின்றது. தவுக்கே என்னிடம் கையை விரித்தார். யாரோ வந்து பேசியிருக்கிறார்கள். டிக்கெட் கிழிக்கும் வேலை மட்டும் தங்கியது.

அடுத்த மழைக்காலத்தில் அவர் மனைவி லெட்சுமி அம்மாள் இறந்தார். எங்கள் வழக்கம் எல்லாருக்கும் தெரியும். சாவு என்றால் சங்கத்திலிருந்து கூடாரம் வரும், நாற்காலி வரும், சங்கு ஊதுபவர் வருவார், பாடை தூக்கத் தோள் வரும். கல்யாணத்துக்கு வராதவர்கூடச் சாவுக்கு வருவார். அன்று ஒன்றும் வரவில்லை. மழையில் வாசல் நனைந்துகொண்டு கிடந்தது. நம்மவர்கள் சாலை முனைவரை வந்து, குடையைத் தாழ்த்திக்கொண்டு திரும்பிப் போனார்கள்.

வந்தவர்கள் செட்டிகள். சுப்பையா செட்டி தம் வீட்டு நாற்காலிகளைத் தலையில் தூக்கிவந்தார். அவரைப் பார்த்து அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு. ஒவ்வொரு நாற்காலியும் ஒவ்வொரு மாதிரி. தமிழ் பேசத் தெரியாத தோள்கள்தான் அந்த அம்மாளைச் சுமந்தன. செல்வி கண்ட சாவு வீடு அது. அன்று வராத சங்கத்தின் நாற்காலிகள், தந்தை இறந்ததும் அழைக்காமலே வந்ததைப் பார்த்து அவர் ஏன் பயந்தார் என்று இப்போது விளங்கும்.

ஒருமுறை நான் கேட்டேன்: "குடைன்னு வேணும்னே சொன்னீங்களா சாமிக்கண்ணு?"

"எனக்குத் திரையில குடைதாண்ணே தெரிஞ்சது."



சங்க மண்டபம் எழும்பியது. அதற்குத் தலைவர் பெயரையே வைப்பது என்று முடிவானது. அப்போதுதான் அவர்களுக்குச் சாமிக்கண்ணு உறுத்தினார். சுதந்திர நாளான மெர்டேக்கா நெருங்கியபோது சங்கச் செயலாளர் என் கொட்டகைக்கு வந்தார்.

"அண்ணே, பசியாறிட்டீங்களா?"

"விஷயத்தச் சொல்லுங்க."

"நீங்க சொன்னா சாமிக்கண்ணு கேப்பாரு. மெர்டேக்கா விழாவுல மேடைக்கு வரட்டும். தலைவர் கையால மாலை. சயாம் போய் வந்த தியாகின்னு அறிவிச்சிடுறோம். பழசெல்லாம் அதோட போச்சு."

"சப்பான்காரன் ஆளுன்னு சொன்னது?"

"அதப்பத்தி இனி யாரும் பேசமாட்டோம்."

"பொய்னு சொல்வீங்களா?"

"பேசமாட்டோம்னா என்னண்ணே அர்த்தம்?"

"பேசமாட்டோம்னு அர்த்தம்."

செயலாளர் எழுந்து போய்விட்டார். நான் சாமிக்கண்ணுவிடம் சொன்னேன். அவர் சிரித்தார். நெடுநாளைக்குப் பிறகு பார்த்த சிரிப்பு. பார்க்க நன்றாக இல்லை.

"அந்தப் படம் ஞாபகம் இருக்காண்ணே? கல்லுல பேரு சரியாத்தான் செதுக்கியிருந்தாங்க. எழுத்துகூட அழகாயிருந்துச்சு. அவன் என்ன கேட்டான்? பேர அழிங்கன்னா கேட்டான்? கதவத் தொறந்தது யாருன்னு கேட்டான். அத விட்டுட்டு மத்ததெல்லாம் குடுக்கிறேங்கிறாங்க."

விழாவன்று திடலின் கடைசியில், புல்லில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மேல் பித்தான்வரை போட்ட வெள்ளைச் சட்டை. ஒலிபெருக்கியில் அவர் பெயரை அழைத்தார்கள். அவர் எழவில்லை. மறுபடி அழைத்தார்கள். முன்னால் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நாடு விடுதலை பெற்ற நாளில் ஒரு மனிதருக்கு எழாமல் இருக்கும் விடுதலை வேண்டும் அல்லவா? அவர் புல்லைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மேடையில் அவருக்காகப் போட்ட காலி நாற்காலியின் முதுகில் மாலையைத் தொங்கவிட்டார்கள். கைதட்டினார்கள். "இது எங்க போய் முடியும்னு உங்களுக்குத் தெரியும்ல?" என்றேன்.

"படம் பாத்தவன்தானே," என்றார்.

இனி அந்தக் கடைசிக் காலைக்கு வருகிறேன். கூடாரம் ஏறி முடிந்தது. சங்கு ஒலித்தது. தலைவர் வந்தார். வயதாகிவிட்டது, தடிக்குப் பதிலாகக் குடையை ஊன்றிக்கொண்டு வந்தார். பின்னால் செயலாளர், படம் எடுப்பவர். பெரிய ரோஜா மாலை. சாமிக்கண்ணுவின் கழுத்தில் போட்டு, கைகூப்பி, படம் எடுப்பவரின் விளக்கு வெளிச்சம் அடிக்கும்வரை நின்றார். பிறகு திரும்பிப் பேசினார்: "சாமிக்கண்ணு எங்க சங்கத்தோட மூத்த உறுப்பினர். எங்களுக்குள்ள எந்தக் கசப்பும் இல்ல. கடைசியா என்னப் பாக்கணும்னு சொல்லியனுப்புனாரு."

சொல்லியனுப்பினாராம். காப்பி டம்ளர் கையிலிருந்து இறங்குவதற்குள் போன மனிதர்.

செல்வியின் குரல் அப்போதுதான் கேட்டது. "எங்கப்பா யார்கிட்டயும் எதுவும் சொல்லியனுப்பல."

"துக்கத்துல பேசுது பாவம்," என்றார் செயலாளர்.

நான் முன்னால் போனேன். தலைவரை நேராகப் பார்த்தேன். "மாலை இருக்கட்டும். முனியாண்டிங்கிற பேரச் சொல்லுங்க. சொன்னா இருக்கட்டும்," என்றேன்.

அவர் வாய் அசைந்தது. நான் பார்த்தேன். என்ன சொல்ல வந்தாரோ, செயலாளர் அவர் முழங்கையைப் பிடித்து அழைத்துப் போய்விட்டார். குடை சிமெண்டுத் தரையில் தட்டிக்கொண்டே போனது.

செல்வி தந்தையின் தலையைத் தூக்கிப் பிடித்தார். நான் மாலையைக் கழற்றினேன். சுப்பையா செட்டி தம் வீட்டுக்குப் போய் ஒரு நாற்காலியை எடுத்துவந்து, சங்கத்து நாற்காலி ஒன்றை மடக்கி வெளியே வைத்துவிட்டு, அந்த இடத்தில் போட்டார். சற்று நேரத்தில் பழையபடி எல்லா வீட்டு நாற்காலிகளும் வந்துவிட்டன. மாலையில்லாமல்தான் சாமிக்கண்ணு போனார்.

ஆனால் படம் பத்திரிகையில் வந்துவிட்டது. மாலையும் கழுத்துமாக. பார்க்கிறவர்களுக்கு அதுதான் உண்மை. கல்லைக் கழுவிவிட்டார்கள். சப்பான்காரன் தன் பிரபுவைத் திரையில் நிறுத்தி உலகம் பார்க்கக் கேள்வி கேட்டுவிட்டான். நம்மால் நம் தலைவரை ஒரு கூட்டத்தில் கேட்க முடியவில்லை. எனக்கு இது பொறுக்கவில்லை. பொறுக்கப்போவதும் இல்லை.

ஆகவே செய்யவேண்டியதைச் சொல்கிறேன்.

தலைவர் அதே சினிமாக் கொட்டகைக்கு வரவேண்டும். மாடிக்கு அல்ல, கீழே, பெஞ்சுகளுக்கு முன்னால். முனியாண்டி என்ற பெயரைச் சொல்லவேண்டும். சப்பான்காரன் கட்டாயப்படுத்தினான் என்றால் அதையும் சொல்லட்டும். பயந்துவிட்டேன் என்றால் அதையும் சொல்லட்டும். நாங்கள் கேட்போம். அந்தப் பயம் எங்களுக்குத் தெரியாதது அல்ல. செயலாளர், சாமிக்கண்ணுமேல் சொன்னது பொய் என்று சங்கக் கூட்டத்தில் வாய்விட்டுச் சொல்லவேண்டும். பேசமாட்டோம் என்பது போதாது. சொல்லியனுப்பினார் என்ற பேச்சைத் தலைவர் திரும்பப் பெறவேண்டும். படத்தைப் போட்ட பத்திரிகை, செல்வி சொன்னதை அதே அளவில் போடவேண்டும். அந்தத் தோட்டத்து ஆட்கள், இத்தனை காலம் என் காதில் சொன்னதை இனி உரக்கச் சொல்லவேண்டும். பாப்பாத்தி அம்மாள் ஒன்றும் செய்யவேண்டியதில்லை. அவர் எப்போதோ எழுந்து நின்றுவிட்டார். தவுக்கே அந்தப் படத்தை ஒரே ஒருமுறை மறுபடி ஓட்டவேண்டும். தமிழில் சொல்ல ஆள் வேண்டாம். எங்களுக்குக் கதை தெரியும்.

எழுத்து மங்கியதால் மறுபடி எழுத அனுப்பிய மண்டபத்தின் பெயர்ப்பலகை என் கொட்டகையில் சாய்ந்து கிடக்கிறது. செட்டி வந்த காலையில் வெள்ளை பூசியதோடு நிற்கிறது. அதில் நான் எழுதமாட்டேன். எடுத்துக்கொண்டு போக ஆள் அனுப்பலாம்.

மாலையும் என்னிடம்தான் இருக்கிறது. வாசல் நிலையில் ஆணி அடித்து, சாலையில் போகிறவர்கள் பார்க்கும்படி தொங்கவிட்டிருக்கிறேன். ரோஜா கறுத்துவிட்டது. காற்றடித்தால் இதழ் உதிர்கிறது. இன்னும் சில நாளில் நாரும் சரிகையும்தான் மிஞ்சும். மிஞ்சுகிறவரை அது அங்கே இருக்கும். கொடுத்தவரே வந்து, முனியாண்டியின் பெயரைச் சொல்லி, எடுத்துக்கொண்டு போகவேண்டும்.

சாமிக்கண்ணு அவர்களே, உங்கள் சட்டையின் மேல் பித்தானை நானேதான் போட்டுவிட்டேன். கழுத்தில் வேறொன்றும் இல்லை. போய் வாருங்கள்.